ஹோவார்ட் கிரப்

சர் ஹோவார்ட் கிரப் (ஜூலை 28, 1844 – செப்டம்பர் 16, 1931) அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த தொலைநோக்கி வடிவமைப்பாளரும் ஒளியியல் கருவியாளரும் ஆவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் பல வானியல் ஆய்வகங்களுக்கு இவருடைய டப்ளின் தொழிற்கூடத்திலிருந்தே தொலைநோக்கிகள் சென்றன. தமிழ்நாட்டின் கொடைக்கானல் ஆய்வகமும் அவற்றுள் ஒன்று. துப்பாக்கிகளுக்கான எதிரொளிப்புக் குறிநோக்கியை 1900ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவரும் இவரே. "ரெட் டாட் சைட்" என்று இன்று கடைகளில் விற்கப்படும் செம்புள்ளிக் குறிநோக்கிகள் அனைத்தும், விலை எதுவாயினும், இவர் விளக்கிய தத்துவத்தின்படியே இயங்குகின்றன.

இளமையும் குடும்பமும்

ஹோவார்ட் கிரப் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் கிரப் (1800–1878) அயர்லாந்து வங்கியின் பொறியாளராகப் பணியாற்றியவர். வங்கித்தாள்களை அச்சிடுவதற்கும் எண்ணிடுவதற்குமான எந்திரங்களை வடிவமைத்தார். தொலைநோக்கி செய்வது அவருக்கு இரண்டாவது தொழில். அத்தொழிலே பின்னர் குடும்பத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

ஹோவார்ட் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் குடிசார் பொறியியல் பயின்றார். படிப்பை முடிக்கும் முன்பே, மெல்பேர்ண் நகருக்கான பெரிய தொலைநோக்கியை உருவாக்கும் பணியில் உதவுவதற்காகத் தந்தையின் தொழிற்கூடத்தில் சேர்ந்தார். 1871இல் மேரி ஹெஸ்டர் வாக்கர் என்பவரை மணந்தார்.

மெல்பேர்ண் தொலைநோக்கி

இளம் பொறியாளரான கிரப்பின் முதல் பெரும்பணி இதுவே. 48 அங்குல (சுமார் 1.2 மீட்டர்) விட்டமுள்ள இந்த எதிரொளிப்புத் தொலைநோக்கி 1868இல் டப்ளினில் முடிக்கப்பட்டுக் கப்பல் வழியாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டது. அதன் ஆடி கண்ணாடியால் ஆனதன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோக ஆடி. ஒவ்வோர் ஆடியும் ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்டது. அத்தகைய ஆடி மங்கினால் மீண்டும் மெருகேற்ற வேண்டும். மெருகேற்றுவது என்பது ஆடியின் வளைவையே புதிதாக உருவாக்குவதற்குச் சமம்.

கடற்பயணத்தில் ஆடி கெடாதிருக்க அரக்குப் பூச்சு பூசப்பட்டிருந்தது. மெல்பேர்ணில் அப்பூச்சை நீக்கும்போது ஆடியின் பரப்பு பழுதுற்றது. அங்கேயே மெருகேற்றச் செய்த முயற்சிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கருவியின் எந்திர அமைப்பு சிறப்பாக இருந்தும், மெல்பேர்ண் தொலைநோக்கி தோல்வி என்ற பெயரே உலகெங்கும் பரவியது. எதிரொளிப்புத் தொலைநோக்கிகளின் மீதே வானியலாளர்கள் பல பத்தாண்டுகள் நம்பிக்கை இழந்திருந்தமைக்கு இந்நிகழ்வு ஒரு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. வெள்ளி பூசிய கண்ணாடி ஆடிகள் அப்போதே அறிமுகமாகியிருந்தன என்பதை நோக்கும்போது, உலோக ஆடியைத் தேர்ந்தெடுத்த குழுவின் முடிவே முதற்பிழை எனலாம்.

இக்கருவியின் பிற்கால வரலாறும் குறிப்பிடத்தக்கது. 1945இல் இது விற்கப்பட்டு, கான்பெரா அருகேயுள்ள ஸ்ட்ரோம்லோ மலைக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கு கண்ணாடி ஆடியுடன் புதுப்பிக்கப்பட்டு, 1990களில் கரும்பொருளைத் தேடும் ஆய்வுக்குப் பயன்பட்டது. 2003 ஜனவரியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் எரிந்தது. கிரப் காலத்து இரும்புப் பகுதிகள் தீயிலும் எஞ்சின.

பெரும் தொலைநோக்கிகள்

1860களின் இறுதியில் நிறுவனப் பொறுப்பு ஹோவார்டின் கைக்கு வந்தது. 1875இல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வகத்திற்காக 27 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கி செய்யும் ஒப்பந்தத்தைப் பெற்றார். குறையற்ற கண்ணாடி வட்டுகள் கிடைக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1880களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டபோது அதுவே உலகின் மிகப்பெரிய ஒளிவிலகல் தொலைநோக்கி. 1883இல் லண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1887இல் "சர்" பட்டம் பெற்றார்.

கிரீனிச் ஆய்வகத்தின் 28 அங்குலத் தொலைநோக்கியும் (1893) இவருடையதே. வானம் முழுவதையும் ஒளிப்படம் எடுக்க 1887இல் பாரிசில் திட்டமிடப்பட்ட பன்னாட்டு முயற்சிக்காகக் கிரீனிச், ஆக்ஸ்போர்ட், நன்னம்பிக்கை முனை, மெல்பேர்ண், மெக்சிக்கோவின் தக்குபாயா முதலிய இடங்களுக்கு 13 அங்குல ஒளிப்படத் தொலைநோக்கிகளைச் செய்து கொடுத்தார்.

கிரப்பின் எண்ணங்கள் சில பிறர் கையில் நிறைவேறின. வானியலாளர் ஏணியில் ஏறி இறங்காமல், ஆய்வகத்தின் தளமே மேலும் கீழும் நகர வேண்டும் என்று முன்மொழிந்தவர் இவர். அமெரிக்காவின் லிக் ஆய்வகத்தில் அத்தகைய தளம் அமைந்தது. ஆனால் அங்குள்ள 36 அங்குலத் தொலைநோக்கியைத் தாங்கும் அமைப்பைச் செய்யும் பணி ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கே சென்றது.

1919 மே 29 முழுச் சூரிய கிரகணத்தின்போது, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாட்டைச் சோதிக்க இரு குழுக்கள் புறப்பட்டன. இரண்டும் கிரப் செய்த வில்லைகளைக் கொண்டு சென்றன. பிரேசிலின் சோப்ரால் நகரில் 13 அங்குல வில்லை எடுத்த படங்கள் தெளிவற்றுப் போயின. துணைக்கருவியாகக் கொண்டு செல்லப்பட்ட 4 அங்குல வில்லையே மிகத் தெளிவான படங்களைத் தந்தது. அதுவும் டப்ளினில் கிரப் செய்ததே.

இந்தியாவில் கிரப்பின் கருவிகள்

பாவ்நகர் மன்னர் தக்தசிங்ஜியின் நன்கொடையைக் கொண்டு புனே அறிவியல் கல்லூரியில் ஓர் ஆய்வகம் அமைக்கப்பட்டது. பேராசிரியர் கே. டி. நேகம்வாலாவின் பொறுப்பில் இருந்த இவ்வாய்வகத்தில் 20 அங்குல கிரப் எதிரொளிப்புத் தொலைநோக்கி 1888இல் நிறுவப்பட்டது. அது நாட்டின் மிகப்பெரிய தொலைநோக்கியாக நெடுங்காலம் இருந்தது. 1912இல் நேகம்வாலா ஓய்வு பெற்றதும் ஆய்வகம் மூடப்பட்டது. கருவிகள் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தன. இதனைப் "பாவ்நகர் தொலைநோக்கி" என்பர்.

சென்னை ஆய்வகத்தில் 1850ஆம் ஆண்டளவில் வாங்கப்பட்ட 6 அங்குலப் பிரெஞ்சுத் தொலைநோக்கி ஒன்று 1898இல் கிரப்பால் மாற்றியமைக்கப்பட்டுக் கொடைக்கானலில் பயன்பட்டது. ஐதராபாத் நிசாமியா ஆய்வகத்தின் 15 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கியும் கிரப் செய்தது. அது 1922இல் பயன்பாட்டுக்கு வந்தது.

எதிரொளிப்புக் குறிநோக்கி

கிரப்பின் பெயரை வானியலுக்கு வெளியே கொண்டு சென்றது இக்கண்டுபிடிப்பே. இது தீர்க்க முயன்ற சிக்கலை முதலில் அறிய வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளியை ஒட்டிய சேர்வராயன் மலை, கொல்லிமலை அடிவாரங்களில் பயிர்க்காவலுக்கும் வேட்டைக்கும் முற்காலத்தில் பயன்பட்ட நாட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் குழல் முனையில் பெரும்பாலும் ஒரு சிறு மணி மட்டுமே இருக்கும். தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியில் முனையில் ஒரு முன்குறியும், கண்ணுக்கு அருகே பிளவுள்ள ஒரு பின்குறியும் இருக்கும். குறி பார்ப்பவர் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் கொணர வேண்டும். மூன்றும் மூன்று வெவ்வேறு தொலைவுகளில் உள்ளன. மனிதக் கண் ஒரே நேரத்தில் ஒரு தொலைவை மட்டுமே தெளிவாகக் காணும். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு அண்மைப் பார்வை குறைவதால் பின்குறி மேலும் மங்கும். தொலைநோக்கி பொருத்தினால் இச்சிக்கல் தீரும். ஆனால் பார்வைப் புலம் குறுகும், கண்ணை ஒரே இடத்தில் வைத்தாக வேண்டும்.

வானியல் கருவிகளைச் சரிபார்க்க இணைகதிர் அமைப்பைப் பயன்படுத்துவது தொலைநோக்கி செய்பவருக்குப் பழகிய செயல். ஒரு வில்லையின் குவியத்தில் ஒளிபெற்ற குறியை வைத்தால், அதிலிருந்து வரும் கதிர்கள் வில்லையைக் கடந்தபின் இணையாகச் செல்லும். அவற்றைக் காணும் கண்ணுக்குக் குறி எல்லையற்ற தொலைவில், விண்மீன் போல், இருப்பதாகத் தோன்றும். கிரப் இவ்வில்லையின் முன் ஒரு தட்டைக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். கண்ணாடி குறியின் பிம்பத்தைக் கண்ணுக்குத் திருப்பியது. அதே நேரத்தில் அதன் ஊடாக இலக்கும் தெரிந்தது. இலக்கின் மேல் குறி மிதப்பது போன்ற தோற்றம் உண்டாயிற்று. குறியும் இலக்கும் ஒரே தொலைவில் தோன்றுவதால் கண் ஒரு முறை குவிந்தால் போதும். தலை சற்று விலகினாலும் பிம்பம் இலக்கை விட்டு விலகாது. இரு கண்களையும் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்த 1900ஆம் ஆண்டில் கிரப் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு, பீரங்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் ஏற்றது என்று டப்ளின் அரச கழகத்தின் ஆய்விதழில் விரிவாக எழுதினார். அக்கட்டுரையில் வியப்பூட்டும் ஒரு கருத்து உண்டு. துப்பாக்கியிலிருந்து மெல்லிய ஒளிக்கற்றை ஒன்றைப் பாய்ச்சி, ஒளி படும் இடத்திலேயே குண்டும் படுமாறு அமைக்கலாம் என்று கூறி, அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அவரே ஒதுக்கிவிடுகிறார். லேசர் குறிகாட்டிகள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன் எழுதப்பட்டது இது. ஒளியை இலக்கின் மீது வீழ்த்துவதற்கு மாறாக, அதன் மாயபிம்பத்தை மட்டும் அங்கே தோன்றச் செய்வதே தம் கருவி என்று அவர் வேறுபடுத்தினார்.

கருவி சரியாக இருந்தது. காலம் சரியாக இல்லை. நல்ல வெயிலில் பிம்பம் தெரிய வலுவான விளக்கு வேண்டும். துப்பாக்கியின் அதிர்ச்சியைத் தாங்கும் சிறிய விளக்கும் நெடுநேரம் உழைக்கும் சிறிய மின்கலமும் அன்று இல்லை. எனவே தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கிக்கு இது பரவலாக வரவில்லை. மின்சாரமும் இடமும் கிடைத்த போர் வானூர்திகளிலேயே முதலில் வேரூன்றியது. 1918இல் ஜெர்மனியின் ஒய்கே நிறுவனம் செய்த எதிரொளிப்புக் குறிநோக்கிகள் சில போர் வானூர்திகளில் சோதிக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய ஸ்பிட்பயர், ஹரிக்கேன் வானூர்திகள் பார் அண்டு ஸ்ட்ரவுட் நிறுவனத்தின் எதிரொளிப்புக் குறிநோக்கியைக் கொண்டிருந்தன. பர்மாப் போர்முனையில் இந்திய வான்படையினர் ஓட்டியதும் ஹரிக்கேன்களே.

அக்காலத்திலும் அதற்குப் பின்னும் வேட்டைக்காரர் நிலை மாறவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் வடக்குக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சென்ற கென்னத் ஆண்டர்சன் (1910–1974), இரவுக் காவலின்போது துப்பாக்கியுடன் கைவிளக்கைப் பொருத்திக்கொண்டார். இருளில் குறி பார்க்க அவருக்குக் கிடைத்த ஒளி அதுதான்.

1962இல் சிவப்பு ஒளியுமிழ் இருமுனையம் (எல்.இ.டி.) உருவான பின்னரே கிரப்பின் எண்ணத்துக்கு ஏற்ற விளக்கு கிடைத்தது. சுவீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975இல் முதல் மின்னணுச் செம்புள்ளிக் குறிநோக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இவ்வகையில் தனி வில்லையும் தட்டைக் கண்ணாடியும் இல்லை. வளைந்த கண்ணாடி ஒன்றே இரு வேலைகளையும் செய்கிறது. அதன் மெல்லிய பூச்சு சிவப்பு ஒளியை மட்டும் திருப்பிப் பிற நிறங்களை விடுகிறது. இதனால் காட்சி சிறிது நீலமாகவோ பச்சையாகவோ தெரியும்.

விலை குறைந்த குறிநோக்கிகள்

மலிவான எல்.இ.டி.யும் வட்டமான சிறிய மின்கலமும் வந்தபின் விலை வெகுவாகக் குறைந்தது. விலை குறைவதற்கு ஈடாக எது விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பதைக் கிரப்பின் தத்துவத்தைக் கொண்டே அறியலாம்.

முதலாவது இடமாறு தோற்றப்பிழை. எளிய கோள வளைவுள்ள கண்ணாடியில் விளிம்புக் கதிர்கள் நடுக்கதிர்களுக்கு முற்றிலும் இணையாக அமைவதில்லை. இது கோளப் பிறழ்ச்சி எனப்படும். விலை உயர்ந்தவற்றில் இரட்டைக் கண்ணாடி அமைப்பால் இதனைத் திருத்துகின்றனர். சோதிக்கும் முறை எளிது. குண்டேற்றாத துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, தொலைவிலுள்ள ஒரு புள்ளியில் செம்புள்ளியைப் பொருத்திவிட்டு, துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் நகர்த்த வேண்டும். புள்ளி இலக்கின் மேல் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவே பிழை. மிக அருகிலுள்ள இலக்கில் எந்தக் குறிநோக்கியிலும் சிறிது நகர்வு இருக்கும்; அதைக் குறையாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது புள்ளியின் அளவு. இது பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோண நிமிடத்தில் குறிக்கப்படுகிறது. ஒரு கோண நிமிடம் 100 மீட்டர் தொலைவில் சுமார் 2.9 சென்டிமீட்டர். 4 நிமிடப் புள்ளி 25 மீட்டரில் ஏறத்தாழ அதே 2.9 சென்டிமீட்டரை மறைக்கும். சிறு இலக்கைக் காற்றுத் துப்பாக்கியால் சுடுபவருக்கு இது மிகப் பெரியது. 2 நிமிடப் புள்ளி ஏற்றது.

மூன்றாவது, பெரும்பாலும் கவனிக்கப்படாதது, பொருத்தும் தளமும் உறுதியும். பல காற்றுத் துப்பாக்கிகளில் 11 மில்லிமீட்டர் அகலப் பள்ளங்களே உள்ளன. கடையில் கிடைக்கும் குறிநோக்கிகள் பலவும் அதைவிட அகலமான, ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் தளத்திற்கானவை. இடையில் ஓர் இணைப்பி தேவைப்படும். சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி பின்னோக்கி அதிர்ந்த உடனேயே முன்னோக்கியும் அதிர்கிறது. பின்னதிர்ச்சியை மட்டும் எண்ணிச் செய்த மலிவுக் கருவிகள் இந்த இரட்டை அதிர்ச்சியில் குறி தவறுகின்றன. கண்ணாடியின் தெளிவைவிடச் சரிசெய்த குறி நிலைத்து நிற்பதே முதன்மையானது.

புள்ளி வட்டமாகத் தோன்றாமல் வால்மீன் போலச் சிதறித் தெரிந்தால் கருவியைக் குறை கூறுமுன் கைப்பேசிப் படக்கருவியை அதன் பின்னே வைத்துப் பார்க்க வேண்டும். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் கோளாறு பார்ப்பவர் கண்ணிலுள்ள ஒழுங்கற்ற வளைவினால் ஏற்படுவது. அவருக்கு விலை உயர்ந்த குறிநோக்கியாலும் பெரும்பயன் இராது. ஒலிம்பிக் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் செம்புள்ளிக் குறிநோக்கிக்கு இடமில்லை. அங்குத் துளைவழிக் குறிகளே அனுமதிக்கப்படுகின்றன.

பயில்நிலை வானியலாளர்கள் தங்கள் தொலைநோக்கியை வானில் வேண்டிய விண்மீனை நோக்கித் திருப்புவதற்கும் இதே செம்புள்ளி அமைப்பைப் பயன்படுத்துகின்றனர்.

நீர்மூழ்கிகளும் இறுதிக்காலமும்

1901 முதல் பிரித்தானியக் கடற்படை நீர்மூழ்கிகளைச் சேர்க்கத் தொடங்கியபோது அவற்றுக்கான பெரிஸ்கோப்புகளைக் கிரப் வடிவமைத்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் இதுவே நிறுவனத்தின் முதன்மைப் பணியாயிற்று. தொலைநோக்கிப் பணிகள் பின்தள்ளப்பட்டன. அயர்லாந்தில் எழுந்த விடுதலைக் கிளர்ச்சியையும் கடல்வழி ஆபத்தையும் கருதி, தொழிற்கூடத்தை இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்சுக்கு மாற்றுமாறு அரசு பணித்தது. போர் முடிந்ததும் பெரிஸ்கோப்புத் தேவை நின்றது. தேங்கிக் கிடந்த தொலைநோக்கி ஒப்பந்தங்கள் பழைய விலையில் இருக்க, செலவுகள் உயர்ந்துவிட்டன. நிறுவனம் நலிந்தது.

1925இல் நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ் நிறுவனத்தை வாங்கினார். அயர்லாந்தில் புகழ்பெற்ற 72 அங்குலத் தொலைநோக்கியை அமைத்த ராஸ் பிரபுவின் மகன் அவர். நிறுவனம் "கிரப் பார்சன்ஸ்" என்ற பெயருடன் நியூகாசிலுக்கு இடம்பெயர்ந்தது. எண்பது வயதைக் கடந்திருந்த கிரப் ஓய்வு பெற்று டப்ளினுக்குத் திரும்பினார். 1931 செப்டம்பர் 16 அன்று டப்ளினை அடுத்த மாங்ஸ்டவுனில் காலமானார். டப்ளின் அரச கழகத்தின் பாயில் பதக்கத்தை 1912இல் பெற்றிருந்தார்.

கிரப் பார்சன்ஸ் நிறுவனம் செய்த 60 சென்டிமீட்டர் ஆடிகளைக் கொண்ட சூரியக் கோபுர அமைப்பு 1960ஆம் ஆண்டளவில் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேலிருந்து ஆடிகள் சூரிய ஒளியை 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் செலுத்துகின்றன. கனேரித் தீவுகளின் லா பால்மாவில் உள்ள 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி இந்நிறுவனத்தின் கடைசிப் பெரும்பணி. 1985இல் நியூகாசிலில் தொலைநோக்கி செய்வது நிறுத்தப்பட்டது.